மத்து, பழைய புடவை, ஏழு சொற்கள்: புராணக் கதை வழியாகத் தமிழ்ச் சொல் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நச்சுப்பாம்பு என்றால் என்ன?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கேட்டேன். "நச்சுனு இருக்கிற பாம்பு மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான். யோசித்துப் பார்த்தால் அவன் மேல் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே நச்சு அதுதான். விஷம் தெரியும், பாய்சன் தெரியும், நஞ்சு தெரியாது. நஞ்சு தெரியாதவனுக்கு நச்சு மட்டும் எங்கிருந்து தெரியும்? மூன்று வாரம் கழித்து, குப்பைக் கிடங்கு தீப்பிடித்த செய்தியில் 'நச்சுப்புகை' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அதே பையன், "மிஸ், இது சிவன் தொண்டையில நின்னுச்சே, அந்த நச்சு" என்றான். நடுவில் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பன்னிரண்டு பிள்ளைகள். பெரும்பாலும் ஆங்கில வழிப் பிள்ளைகள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் வாடிவிடும். ஒரு பெண்ணின் வீட்டில் தெலுங்கு, ஒரு பையன் வீட்டில் உருது, இன்னொருத்தி வீட்டில் இந்தி. சென்னையில் எந்த டியூஷனிலும் இதுதான் நிலவரம், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆரம்பிக்கும் முன்: ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளில் சிலர் பார்த்துப் படிப்பவர்கள், சிலர் கேட்டுப் படிப்பவர்கள், சிலர் எழுதிப் படிப்பவர்கள், சிலர் செய்து படிப்பவர்கள் என்று பிரித்துச் சொன்னார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1992-இல் 'வார்க்' என்ற பெயரில் பரப்பிய பாகுபாடு அது. நானும் வெகு உற்சாகமாக வந்து ஒரு கேள்வித்தாள் கொடுத்து, கண் என்றால் நீலம், காது என்றால் மஞ்சள் என்று நோட்டு அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டினேன். பத்தே நாளில் வம்பாகிவிட்டது. கட்டுரை எழுதச் சொன்னால் "நான் காது மிஸ், நான் எழுத வேணாம்ல?" என்கிறான் ஒருவன். படம் வரையத் தெரியாத பெண் ஒருத்தி, தன் நோட்டில் இருந்த நீல ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, பிள்ளையின் 'பாணி'க்கு ஏற்றபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிறாள், ஒருவன் ஓடியாடாமல் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான், இதெல்லாம் கண்ணெதிரே நடக்கிற விஷயம். ஆனால் கண் பிள்ளைக்குக் கண் வழி மட்டும், காதுப் பிள்ளைக்குக் காது வழி மட்டும் என்று கதவடைப்பதுதான் தப்பு. ஒரே சொல் எல்லார் வீட்டுக்கும் நாலு வாசல் வழியாகவும் வரட்டும். யாருக்கு எந்த வாசலில் முதலில் பிடிபடுகிறது என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் புராணக் கதை ஏன் தோதாக இருக்கிறது என்றால், நாலு வாசலும் அதில் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன. அது கேட்கிற கதை, கொலுப் படியிலும் கோயில் தூணிலும் பார்க்கிற கதை, கூத்தில் ஆடுகிற கதை, பாடப்புத்தகத்தில் படிக்கிற கதை.

படி 1: சொல்லை முதலில் எடுங்கள், கதை அப்புறம்

நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல கதையாக ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் இருக்கிற 'கஷ்டமான வார்த்தைகளை' அடிக்கோடிட்டு அர்த்தம் எழுதிப் போடுவது. அப்படிச் செய்தால் ஐராவதம், உச்சைச்சிரவம் மாதிரி, வாழ்நாளில் இன்னொரு முறை எதிர்ப்படாத சொற்கள்தான் பலகையில் நிரம்பும். பிள்ளைக்கு எந்தச் சொல் வேண்டும் என்று பாருங்கள். பாடத்தில் வருவது, செய்தியில் வருவது, ஒரு சொல்லைப் பிடித்தால் பின்னாலேயே பத்துச் சொல் வருவது. ஒரு கதைக்கு ஏழு சொல் போதும். நான் முதலில் பதினைந்து வைத்தேன், மறுவாரம் நான்குதான் மிஞ்சியது.

பாற்கடலைக் கடைந்த கதைக்கு நான் எடுத்தவை: கடைதல், மத்து, நஞ்சு, அமுதம், கண்டம், திரளுதல், ஆலகாலம். இதில் ஆலகாலம் மட்டும் சும்மா, சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக. அப்படியும் ஒரு சொல் இருக்கட்டும்.

இன்னொன்று. புராணம் என்றாலே வடசொல் கூடவே வரும். அதற்காகச் சண்டைக்கு நிற்காதீர்கள், ஜோடி ஜோடியாகக் கொடுங்கள்: விஷம் - நஞ்சு, யுத்தம் - போர், அமிர்தம் - அமுதம், சாரதி - தேரோட்டி. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஒன்று பாட்டி வாயில் வரும், மற்றது பரீட்சைத் தாளில் வரும்.

படி 2: முதல் தடவை, நிறுத்தாமல் சொல்லுங்கள்

பத்து நிமிடம், கதையை மட்டும். அர்த்தம் சொல்ல நடுவில் நிற்கக் கூடாது. மந்தர மலையை மத்தாக நட்டு, வாசுகிப் பாம்பைக் கயிறாகச் சுற்றி, தலைப் பக்கம் அசுரர்களும் வால் பக்கம் தேவர்களும் பிடித்து இழுக்க, மலை அமிழ்ந்துபோகாமல் கீழே ஆமையாகத் திருமால் தாங்க, அமுதம் வரும் என்று பார்த்தால் முதலில் நஞ்சு வர, அதைச் சிவன் விழுங்க, பார்வதி பதறிப்போய்க் கழுத்தைப் பிடிக்க, அங்கேயே நின்று கழுத்து நீலமாகிவிட்டது. ஏழு சொல்லும் கதைக்குள் தானாக வந்து போகட்டும், பிள்ளைகள் சூழலை வைத்துப் பாதி ஊகித்துவிடுவார்கள். அந்த ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தானே ஊகித்துத் திருத்திக்கொண்ட சொல்லை அவர்கள் லேசில் விடுவதில்லை.

நீதி சொல்லாதீர்கள். 'இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது' என்று ஆரம்பித்தீர்களோ, பன்னிரண்டு முகமும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும்.

படி 3: இரண்டாம் தடவை, கட்டியங்காரனோடு

இது காது வழி. தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள், ராஜா வேஷம் கட்டியவர் செந்தமிழில் முழங்கும்போது பக்கத்தில் கட்டியங்காரன் நின்றுகொண்டு அதையே நம்ம பேச்சில் உடைத்துச் சொல்லி ஜனங்களைச் சிரிக்க வைப்பான். வகுப்பிலேயே வாய் ஓயாத பிள்ளையைப் பிடித்துக் கட்டியங்காரனாக்குங்கள். நான் "ஆலகால நஞ்சு பொங்கி எழுந்தது" என்று சொன்னால் அவன் "என்னது, ஆலகாலமா? ஆல மரத்துக் காலா? ஆளைக் கொல்ற காலமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டுப் பிடித்தவர்களுக்கு அதுவும் சரி, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுகிற இடத்தில் புதுச்சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும். டெஸ்கில் தாளம் தட்டினால் வகுப்பு களைகட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டால் பாடம் நடக்கிறது என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக் கூட்டுவதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு இந்தப் படிதான் உயிர். அவர்களிடம் அட்டையையும் பென்சிலையும் நீட்டாமல், முதலில் சொல் வாயில் பழகட்டும் என்று விடுங்கள். என்னிடம் அப்படி ஒரு பையன் இருக்கிறான். ஒரு வரி வாசிக்க மூன்று நிமிடம் ஆகும், ஆனால் கட்டியங்காரனாக அவனை அடிக்க ஆளில்லை.

படி 4: மத்தும் புடவையும்

சமையலறையிலிருந்து மர மத்தை எடுத்துப்போய்க் காட்டினேன். பன்னிரண்டு பேரில் நான்கு பேர்தான் அதை அடையாளம் கண்டார்கள். மிக்சி வந்த வீட்டில் மத்துக்கு என்ன வேலை? கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள், ஒருத்தி மோந்து பார்த்து "மோர் வாசனை" என்றாள். தெலுங்கு வீட்டுப் பெண்தான் சட்டென்று, "மிஸ், கீரைக் கடையல்னு சொல்றோமே, அது இந்தக் கடையலா?" என்றாள். அவ்வளவுதான், அன்றைக்கு வகுப்பு ஜெயித்துவிட்டது. தினம் தட்டில் சாப்பிடுகிற சொல்லும் பாற்கடலில் வருகிற சொல்லும் ஒன்று என்பது அவள் தானே கண்டுபிடித்தது, நான் சொல்லியிருந்தால் இப்படி ஒட்டியிருக்காது.

அப்புறம் என் பழைய நூல் புடவை ஒன்றைக் கயிறாக முறுக்கினோம். நடுவில் ஒரு பையன் மந்தர மலையாக நின்றான். அவன் இடுப்பில் புடவையை ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு பேர் தலைப் பக்கம், ஐந்து பேர் வால் பக்கம். மாற்றி மாற்றி இழுக்க மலை அரை வட்டம் இப்படி, அரை வட்டம் அப்படித் திரும்பியது. வேகமாக இழுக்க விடாதீர்கள், ஐந்தாவது சுற்றில் மந்தர மலை "தலை சுத்துது மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் இழுக்கிற பக்கம் ஒரு சொல்லைச் சொல்லி, எதிர்ப்பக்கம் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஒரு அடி முன்னால் வர வேண்டும். ஓடியாடுகிற பிள்ளைகளுக்காக வைத்த விளையாட்டு என்று நினைத்தேன், எப்போதும் மூலையில் உட்கார்ந்து படிக்கிற பெண்தான் அன்றைக்கு அதிகமாகக் கத்தினாள்.

அபிமன்யு கதையும் இப்படி உடம்பால் செய்ய ஏற்றது. பிள்ளைகள் தாமரை இதழ் மாதிரி அடுக்கடுக்காக நிற்க, ஒருவன் உள்ளே புகுந்து வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டால், வியூகம், ஊடுருவு, முற்றுகை, தகர் நான்கும் ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும். பலகையில் எழுதி விளக்கினால் அரை மணி நேரம் ஆகும்.

படி 5: கண்ணுக்கு

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. கதையை ஆறு கட்டமாக வரையச் சொல்லுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல் கட்டாயம் எழுதப்பட்டிருக்க வேண்டும், பாம்பின் உடம்பிலோ ஆமை ஓட்டிலோ எங்கே வேண்டுமானாலும். வரைய வராதவர்கள் குச்சி மனிதன் போட்டால் போதும். நவராத்திரி நேரமாக இருந்தால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கும், தசாவதார செட்டை வாங்காமலே நின்று பார்த்துவிட்டு வரலாம். 'தச' என்றால் பத்து என்று அங்கே காட்டிவிட்டு, தசரதன், தசமுகன், கணக்கில் வருகிற தசம எண் என்று வீட்டுக்கு வரும் வழியில் கோத்துக்கொண்டே வரலாம்.

படி 6: சொல் ஜாதகம்

எழுதிப் படிக்கிற பிள்ளைக்கு இது விருந்து, மற்றவர்களுக்கும் கடைசியில் வேண்டும்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை, அதில் அந்தச் சொல்லின் ஜாதகம். பிறந்த வீடு என்றால் எந்தக் கதையில் கேட்டோம் என்பது. உறவினர் என்றால் அதே வேரிலிருந்து வந்த சொற்கள். எதிரி என்றால் எதிர்ச்சொல். கண்டம் என்றால் எந்த இடத்தில் தடுக்கி விழுவோம் என்பது, எழுத்துப்பிழை, குழப்பம் எல்லாம் அதில் வரும். பலன் என்றால் நாமே எழுதும் வாக்கியம்.

நஞ்சு அட்டையை அப்படியே தருகிறேன். பிறந்த வீடு: பாற்கடல். உறவினர்: நச்சுப்பாம்பு, நச்சுப்புகை, நச்சுக்காய்ச்சல், நஞ்சுண்டன். எதிரி: அமுதம். கண்டம்: தனியாக நிற்கும்போது நஞ்சு, இன்னொரு சொல்லோடு சேரும்போது பெரும்பாலும் நச்சு, பேச்சில் சொல்கிற 'நச்சுனு' இந்தக் குடும்பமே இல்லை. பலன்: ஆற்றில் கலந்த நச்சு நீரால் மீன்கள் செத்து மிதந்தன.

நஞ்சு நச்சாவதைப் பார்த்ததும் விடாதீர்கள், அங்கேதான் இலக்கணம் கதவைத் தட்டுகிறது. மருந்து மருத்துவம் ஆகிறது, இரும்பு இருப்புப்பாதை ஆகிறது, கரும்பு கருப்பஞ்சாறு ஆகிறது. மென்றொடர்க் குற்றியலுகரம் என்ற பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், மெல்லெழுத்து வல்லெழுத்தாகிற அந்த வித்தையைக் கண்ணால் பார்த்துவிட்டால் பெயர் பயமுறுத்தாது.

கண்டம் என்ற சொல்லுக்கு ஜாதகம் எழுதும்போது வகுப்பே இரண்டுபட்டது. நீலகண்டன் என்பதில் கண்டம் என்றால் கழுத்து. சமூக அறிவியலில் ஆசியா ஒரு கண்டம். பாட்டி சொல்கிற 'தண்ணியில கண்டம்' என்றால் ஆபத்து. கண்டதுண்டமாக வெட்டினான் என்றால் துண்டு. ஒரே எழுத்து, நாலு அர்த்தம். இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் அவசரப்படாதீர்கள், முழு வகுப்பையும் அதற்கே கொடுங்கள்.

உறவினர் தேடும்போது போலி உறவும் வந்து சேரும். கும்பகர்ணன் என்றால் குடம் போன்ற காது உடையவன், கர்ணம் என்றால் காது, அதனால் கர்ண கடூரம் என்றால் காதைக் குத்துகிற சத்தம், கர்ண பரம்பரைக் கதை என்றால் காது வழியாகவே வந்த கதை. ரொம்பச் சரி. ஆனால் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமும் குட்டிக்கரணமும் இந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை. கஜமுகனில் வரும் கஜம் யானை, ஒன்பது கஜம் புடவையில் வரும் கஜம் வேறு. இந்தத் தப்புகளைப் பிள்ளைகள் செய்யும்போது திட்டாமல் 'இவர் சொந்தக்காரர் இல்லை, பெயர்தான் ஒன்று' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 7: கதையை விட்டு வெளியே இழுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண். பிள்ளைகளுக்கு 'நஞ்சு என்றால் சிவன் குடித்தது' என்று மட்டும் பதிந்துபோகும், கதை மனப்பாடமாகியிருக்கும், சொல் கைக்கு வந்திருக்காது. ஒரு வாரம் செய்தித்தாளும் கையுமாக வேட்டைக்கு அனுப்புங்கள். தேர்தல் நேரம் என்றால் 'வியூகம்' கண்டிப்பாகக் கிடைக்கும், கிரிக்கெட் பக்கத்தில் 'பந்துவீச்சு வியூகம்' கிடைக்கும். பிரச்சினை விஸ்வரூபம் எடுக்கும், நடிகர் புது அவதாரம் எடுப்பார், கட்சி பிரம்மாஸ்திரத்தைக் கையில் எடுக்கும். கிடைத்ததை வெட்டி அட்டையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும்.

வீட்டுப் பேச்சிலும் தேடச் சொல்லுங்கள். பகீரதப் பிரயத்தனம், அனுமார் வால், கும்பகர்ணத் தூக்கம், திரிசங்கு சொர்க்கம், சகுனி வேலை என்று பாட்டிமார் வாயில் இல்லாத புராணமா? "எங்க அப்பாவ அம்மா தினம் கும்பகர்ணன்னுதான் எழுப்புவாங்க" என்று ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள், பலன் வரிசையில் முழு மதிப்பெண்.

ஊர்ப்பெயரையும் விட்டுவைக்காதீர்கள். திருவல்லிக்கேணி என்றால் அல்லி பூத்த கேணி. அங்கே இருக்கிற பார்த்தசாரதி என்றால் பார்த்தனுக்கு, அதாவது அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்டியவர். இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் பஸ் ஓட்டுகிறவரைச் சாரதி என்றுதான் சொல்கிறார்கள் என்றதும், மறுநாள் ஒரு பையன் தன் ஷேர் ஆட்டோக்காரரை "சாரதி அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டு, அவர் "என் பேரு அது இல்லப்பா" என்றார் என்று வந்து சொன்னான்.

படி 8: மறக்க விட்டுக் கேளுங்கள்

படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஜெர்மனியின் எர்மான் எபிங்கவுஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். ஆகவே மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போய்க் கேட்க வேண்டும். நாள் கணக்கு அப்படி இப்படி இருந்தாலும் பரவாயில்லை, இடைவெளி வேண்டும், அட்டையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், இந்த இரண்டும்தான் முக்கியம்.

டெஸ்ட் என்று சொன்னால் வயிற்றுவலி வரும். அதனால் பரமபதம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க விளையாடுவோமே, அதே படம்தான், தாயக்கட்டையும் அதேதான். சட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். ஏணி கிடைத்தால் சும்மா ஏற முடியாது, நான் நீட்டுகிற சொல்லுக்கு இரண்டு உறவினரைச் சொன்னால்தான் ஏறலாம். பாம்பின் தலையில் விழுந்தால், கதைக்கு வெளியே ஒரு வாக்கியம் சொன்னால் இறங்க வேண்டாம். கதைக்குள்ளேயே சொன்னால் இறங்கியே ஆக வேண்டும். உச்சியில் இருக்கிற பெரிய பாம்பிடம் மாட்டியவர்கள் அந்த ஒரு வாக்கியத்துக்காக மண்டையைக் குடைந்துகொள்வதைப் பார்க்க வேண்டும்.

எல்லார் கதையும் இருக்கட்டும்

வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இது பக்தி வகுப்பு இல்லை. முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்: கதை தமிழுக்காக. சொல்லிவிட்டு, கதைகளையும் அதற்கேற்ப எடுங்கள்.

என் வகுப்பில் பாற்கடலுக்குச் சமமாக வேலை செய்த கதை உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் வரும் மான் கதை. வேடன் ஒருவன் ஒரு பெண்மானைக் கட்டிவைத்திருக்கிறான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது மான். அதற்காக நபிகள் பிணை நிற்கிறார், மானும் சொன்னபடி திரும்பி வருகிறது. அந்தப் பகுதிக்குப் பெயரே 'மானுக்குப் பிணை நின்ற படலம்'. இதில் ருசி என்னவென்றால், பிணை என்றால் ஜாமீன், பெண்மானுக்கும் பிணை என்றே பெயர், ஆண்மான் கலை. ஒரு பிணைக்கு இன்னொரு பிணை! உருது வீட்டுப் பையன் இந்தக் கதையை வீட்டில் கேட்டிருந்தான், ஆகவே அன்றைக்கு அவன்தான் வாத்தியார், நான் கட்டியங்காரன். பிணைக்கைதி, பிணைப்பு, பின்னிப் பிணைந்த என்று உறவினர் வரிசை அட்டைக்கு வெளியே வழிந்தது. 'பிணையில் விடுதலை' என்ற செய்தித் துணுக்கு ஒரே வாரத்தில் ஐந்து கிடைத்தது.

வீரமாமுனிவரின் தேம்பாவணி, மணிமேகலையின் அமுதசுரபி என்று தமிழிலேயே எல்லாச் சமயக் கதையும் இருக்கும்போது ஒரே பானையிலிருந்து மொள்ள வேண்டியதில்லை. ஏகலைவன் மாதிரிக் கதைகளை எடுத்தால் பிள்ளைகள் கோபப்படுவார்கள், படட்டும். 'காணிக்கை' என்ற சொல்லும் 'வஞ்சகம்' என்ற சொல்லும் அந்தக் கோபத்தில்தான் பிரிந்து புரிந்தன. துரோணருக்கு வக்காலத்து வாங்க நீங்கள் போகாதீர்கள்.

ஒரு நாள் மாமல்லபுரம்

முடிந்தால் வருடத்துக்கு ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விடுங்கள். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு முன்னால் நின்றால் மகிஷம் என்றால் எருமை என்று யாரும் சொல்லவே வேண்டாம், கொம்போடு எதிரே நிற்கிறது. ஆனால் நான் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்துவது அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன்னால்தான். ஒற்றைக்காலில் நிற்கும் தவசி அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நாங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். அர்ச்சுனன் கட்சி பாசுபதம், வரம், வேண்டுதல் என்றது. பகீரதன் கட்சி பாறையின் நடுப் பிளவையும் அதில் இருக்கும் நாகங்களையும் காட்டி, தண்ணீர் இறங்கும் வழி அதுதான் என்று சாதித்தது. வாதாடுவதற்குச் சொல் வேண்டும் என்பதால், மறந்துபோன அட்டைகள் எல்லாம் தானாக வாய்க்கு வந்தன.

அந்தத் தவசியைப் பார்த்துப் பூனை ஒன்றும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும், காலடியில் எலிகள் இருக்கும். ருத்திராட்சப் பூனை என்ற தொடரைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நம்ம நச்சுப்பாம்புக்காரன், "மிஸ், பூனை தவம் பண்ணல, சும்மா பாவலா பண்ணுது" என்றான். ருத்திராட்சப் பூனை அட்டையில் உறவினர் வரிசையில் முதல் பெயராகப் 'பாவலா' ஏறியது, அவன் கையெழுத்திலேயே.